கரைத்தால் கரைய வேண்டும்: ஃப்யூயல் செல் மெம்பிரேன் வேலையை டெல்டா கல்லூரியில் தொடங்குபவர்களுக்கு

கும்பகோணம் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எச்டி. சேர்ந்து, முதல் 14 மாதம் ஒரே மெம்பிரேனோடு மல்லுக்கட்டினேன். பாலிவினைல் ஆல்கஹாலை குளூட்டரால்டிஹைடு போட்டுக் குறுக்கே பிணைத்த படலம். கண்ணாடி மாதிரி வந்தது, இழுத்தால் கிழியவில்லை, கடத்துதிறனும் சுமாராக இருந்தது. கமிட்டிக் கூட்டத்தில் ஒரு பேராசிரியர் கேட்டார்: "மறுசுழற்சின்னு தலைப்புல போட்டிருக்கீங்களே, இதை எதுல கரைப்பீங்க?" அன்று சாயந்தரமே ஒரு துண்டை வெட்டி 90 டிகிரி தண்ணீரில் போட்டேன். ஊறின ஜவ்வரிசி மாதிரி உப்பி, மினுமினுப்பாக பீக்கரின் அடியில் கிடந்தது. மறுநாள் காலை வரை கிண்டியும் கரையவில்லை. 14 மாத வேலையில் தலைப்புக்குப் பொருந்தியது எதுவுமில்லை.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருச்சி பக்கம் கல்லூரிகளில் எம்.எஸ்சி. புராஜெக்ட் எடுப்பவர்களும் முதல் வருட ஸ்காலர்களும் அந்த 14 மாதத்தை இழக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். வேதியியல் லேபில் ஒரு ஓவன், புகையை வெளியே இழுக்கும் ஒரு ஃப்யூம் ஹுட், ஒரு பியூரெட், டி.ஐ. (அயனி நீக்கிய) தண்ணீர் இருந்தால் போதும், மற்றதை வெளியே பார்த்துக்கொள்ளலாம்.

1. எங்கே கரையக் கூடாது, எங்கே கரைய வேண்டும் என்று எழுதிவையுங்கள்

ஃப்யூயல் செல் என்பது ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் வைத்து மின்சாரம் எடுக்கும் கருவி. அதற்குள் மெம்பிரேனின் வேலை புரோட்டானைக் கடத்துவதும், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்துவிடாமல் தடுப்பதும். உள்ளே 60 முதல் 80 டிகிரி சூடு, ஈரம், அமிலம். அந்த இடத்தில் கரையவே கூடாது. ஆயுள் முடிந்து வெளியே எடுத்த பிறகு ஏதோ ஒரு கரைப்பானில் முழுசாகக் கரைந்து, வடிகட்டினால் வினையூக்கியாகப் போட்ட பிளாட்டினம் தனியாக நிற்க, மிச்சக் கரைசலை ஊற்றினால் திரும்பப் படலமாக வேண்டும். உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் இந்த இரண்டையும் கரைப்பான் பெயரோடு எழுதுங்கள். இரண்டாவதை எழுத முடியவில்லை என்றால் அந்தப் பாலிமரை எடுக்காதீர்கள்.

நாஃபியான் பற்றி எல்லோரும் கேட்பார்கள். அது ஃப்யூயல் செல்லில் வழக்கமாகப் போடும் ஃப்ளூரின் பாலிமர். உழைப்பில் அதற்கு ஈடு இல்லை. ஆனால் பிளாட்டினத்தை மீட்க எரித்தால் ஹைட்ரஜன் ஃப்ளூரைடு வரும். இந்த வகை ஃப்ளூரின் சேர்மங்களைக் கட்டுப்படுத்த 2023 ஜனவரியில் ஐந்து ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து முன்மொழிவு கொடுத்திருக்கின்றன. ஃப்ளூரின் இல்லாத, கரைத்து வார்க்கக்கூடிய மெம்பிரேனுக்குத் தேவை வருவது அதனால்தான்.

'மக்கும்' என்பதும் 'மறுசுழற்சி' என்பதும் வேறு வேறு. கிட்டோசான் மக்கும். அதனாலேயே மறுசுழற்சி என்று எழுதிவிட முடியாது. திருப்பி வார்த்துக் காட்ட வேண்டும்.

2. பாலிமரை எடுக்கும்போது

புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது ஸ்பீக். பாலி ஈதர் ஈதர் கீட்டோன் என்ற பொடியை அடர் சல்ஃபூரிக் அமிலத்தில் போட்டு சல்ஃபோனேற்றம் செய்தால், அதாவது புரோட்டானைக் கடத்தும் சல்ஃபோனிக் அமிலக் குழுக்களை அதில் ஏற்றினால், கிடைப்பது. குறுக்குப் பிணைப்பு தேவையில்லை, அதனால் கரைப்பானில் மறுபடி கரையும். எத்தனை சதவீதம் சல்ஃபோனேற்றம் ஆகியிருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 30 சதவீதத்துக்குக் கீழே என்றால் அமிலத்தைத் தவிர வேறெதிலும் கரையாது. 70-ஐத் தாண்டினால் மெத்தனாலிலேயே கரையத் தொடங்கும், சுடுதண்ணீரில் கூழாகும். 60 முதல் 68 வரை நல்ல இடம்.

ஐந்து மாத எம்.எஸ்சி. புராஜெக்ட் என்றால் கிட்டோசானும் சரிதான். நாகப்பட்டினம் பக்கம் இறால் ஓட்டுக்குப் பஞ்சமில்லை. 2 சதவீத அசிட்டிக் அமிலத்தில் கரைத்து வார்க்கலாம். சல்ஃபூரிக் அமிலத்தில் நனைத்தால் அயனிப் பிணைப்பால் இறுகும், காரத்தில் கழுவினால் அந்தப் பிணைப்பு விடும், பிறகு அசிட்டிக் அமிலத்தில் மறுபடி கரைக்கலாம். கடத்துதிறன் ஸ்பீக் அளவுக்கு வராது, அதை முதலிலேயே ஏற்றுக்கொள்ளுங்கள்.

இப்போது எல்லோரும் 'அவிழ்ந்து சேரும் பிணைப்பு' என்று இமைன் (கார்பன்-நைட்ரஜன் இரட்டைப்) பிணைப்பைப் பிடித்துக்கொள்கிறார்கள். இமைன் அமிலத்தில் நீர்பட்டால் உடைந்துவிடும். புரோட்டான் கடத்தும் மெம்பிரேன் முழுக்க அமிலம். செல் ஓடும்போதே மெம்பிரேன் அவிழ்ந்துபோகும். காரத்தில் ஓடும் ஹைட்ராக்சைடு மெம்பிரேனுக்கு வேண்டுமானால் அதை யோசிக்கலாம். இதை யாரும் எனக்கு எடுத்துச் சொல்லவில்லை. என் பக்கத்து டேபிளில் ஒரு தங்கைக்கு எட்டு மாதம் இதிலேயே போனது.

3. காகித வேலை: பாலிமரைத் தொடுவதற்கு முன்

முதல் பொருள் கைக்கு வர எனக்கு ஏறக்குறைய மூன்று மாதம் ஆனது. பாதி என் தவறு. நீங்கள் சேர்ந்த வாரமே இதைத் தொடங்குங்கள்.

அமிலம்: அமில விற்பனை பற்றி உச்ச நீதிமன்றம் 2013-இல் போட்ட உத்தரவு லேபுக்கும் பொருந்தும். கல்வி நிறுவனங்கள் அமிலப் பயன்பாட்டுக்குப் பதிவேடு வைக்க வேண்டும், பொறுப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும். எங்கள் துறையில் பதிவேடு இருந்தது, ஆனால் இரண்டு வருடம் யாரும் நிரப்பவில்லை. அதைச் சரிசெய்து கையெழுத்து வாங்கியபிறகுதான் இன்டென்ட் (பொருள் கேட்டுப் போடும் கடிதம்) நகர்ந்தது. ஸ்டோரில் போய் அந்த நோட்டை முதலில் பாருங்கள்.

கொட்டேஷன்: மூன்று இடத்தில் வாங்குங்கள். 'பொடி' என்ற சொல் கொட்டேஷனில் இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு ஒரு சப்ளையர் மணிமணியாக அனுப்பிவிட்டார். மணி அமிலத்தில் கரைய நாள்கணக்காகும், வெளிப்பக்கம் அதிகமாகவும் உள்பக்கம் குறைவாகவும் சல்ஃபோனேற்றம் ஆகும். திருப்பி அனுப்பி மாற்றி வாங்க ஆறு வாரம் போனது. ஜி.எஸ்.டி.யும் கூரியரும் விலைக்குள் அடக்கமா, தனியா என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டாவது கடிதம் போட்டு அனுமதி வாங்க நாக்குத் தள்ளிப்போகும்.

பணம்: தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் புராஜெக்டுக்கு உதவித்தொகை தருகிறது. கல்லூரித் தலைவர் வழியாகத்தான் விண்ணப்பம் போக வேண்டும், கடைசி வாரம் ஓடினால் கையெழுத்துக் கிடைக்காது. செலவுத் திட்டத்தில் எல்லோரும் பாலிமருக்கும் கரைப்பானுக்கும் போட்டுவிட்டு டெஸ்டிங்கை மறந்துவிடுகிறார்கள். எனக்கு முதல் வருடச் செலவில் பாதிக்கு மேல் வெளி டெஸ்டிங்குக்கும் பஸ்ஸுக்கும் போனது. கையுறைக்கும் ஒரு வரி போடுங்கள். லேபில் கிடைக்கும் நீல நைட்ரைல் கையுறை டி.எம்.ஏ.சி. (டைமெத்தில் அசிட்டமைடு), டி.எம்.எஃப். (டைமெத்தில் ஃபார்மமைடு), என்.எம்.பி. (என்-மெத்தில் பைரோலிடோன்) கரைப்பான்களைத் தாங்காது, பியூட்டைல் ரப்பர் வேண்டும். இந்த மூன்றும் கருவைப் பாதிக்கக்கூடியவை. ஹுட்டுக்கு வெளியே இவற்றைத் திறக்காதீர்கள்.

கழிவு: கழிவுக் கரைப்பானை 90 நாளுக்கு மேல் சேர்த்துவைக்கக் கூடாது என்று 2016 அபாயக் கழிவு விதிகள் சொல்கின்றன. உங்கள் கல்லூரி யாரிடம் கொடுக்கிறது என்று கேட்டு, கேனில் தேதி ஒட்டுங்கள்.

4. சல்ஃபோனேற்றம்

பொடியை இரவு முழுக்க 100 டிகிரியில் உலர்த்துங்கள். 5 கிராம் பொடிக்கு 95 முதல் 98 சதவீத அமிலம் 100 மி.லி. ஹுட்டுக்குள், முகக் கவசத்தோடு, கொஞ்சம் கொஞ்சமாகப் பொடியைப் போட்டுக் கிண்டவும். சில மணி நேரத்தில் கெட்டியான சிவப்புக் கலந்த கரைசலாகும்.

ஆய்வுக் கட்டுரைகளில் 'அறை வெப்பநிலையில் இத்தனை நாள்' என்று இருக்கும். அந்த அறை 22, 25 டிகிரி அறை. நம்ம ஊரில் அக்னி நட்சத்திரத்தில் லேப் 38 டிகிரி. அதே நாள் கணக்கை வைத்துச் செய்த என் இரண்டாவது பேட்ச் கழுவும்போதே கூழாகிவிட்டது. தெர்மோமீட்டரோடு ஆயில் பாத் வைத்து 50 டிகிரியில் நிறுத்துங்கள். இரண்டாம் மணியிலிருந்து மணிக்கு ஒருமுறை கொஞ்சம் எடுத்து ஐஸ் தண்ணீரில் விட்டு, கழுவி, டைட்ரேட் செய்து பாருங்கள் (முறை 7-ஆம் பகுதியில்). உங்கள் பொடிக்கு, உங்கள் அமிலத்துக்கு எத்தனை மணி என்பது அப்போதுதான் தெரியும்.

நேரம் வந்ததும் கரைசலை மெல்லிய நூலாக ஐஸ் தண்ணீரில் விடுங்கள். இடியாப்பம் பிழிந்த மாதிரி வெள்ளை நூலாக இறங்க வேண்டும். கட்டியாக விழுந்தால் உள்ளே மாட்டிய அமிலம் கழுவக் கழுவ வந்துகொண்டே இருக்கும். பி.எச். 6 வரும் வரை டி.ஐ. தண்ணீரில் கழுவ இரண்டு நாள் ஆகும். பிறகு 60 டிகிரியில் ஒரு நாள் உலர்த்தல்.

கழுவிய தண்ணீரை அப்படியே சிங்க்கில் ஊற்றாதீர்கள். 100 மி.லி. அமிலத்தை நடுநிலையாக்கச் சுமார் 200 கிராம் சோடியம் கார்பனேட் வேண்டும், 5 கிராம் பாலிமருக்கு. எங்கள் கல்லூரி லேப் தண்ணீர் பின்பக்க வாய்க்காலில் போய்ச் சேர்கிறது, அதற்கு அப்பால் வயல். வேளாண் மண்டலம் என்று 2020-இல் சட்டம் போட்ட மண் இது. பெரிய பக்கெட்டில் நுரை அடங்கும் வரை கார்பனேட் போட்டு, பி.எச். தாளில் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கூடுதலாகும், ஆகட்டும்.

5. வார்ப்பது

9 செ.மீ. பெட்ரி டிஷ்ஷில் 50 மைக்ரான் படலம் வேண்டும் என்றால் ஏறக்குறைய 0.4 கிராம் பாலிமர், 8 மி.லி. டி.எம்.ஏ.சி. வடிகட்டி, குமிழி போக ஒரு மணி நேரம் வைத்து, ஊற்றி, 60 டிகிரியில் ஒரு நாள், 80-இல் அரை நாள், கடைசியில் வேக்குவமில் 100 டிகிரி. டி.எம்.எஃப். வேண்டாம், அது அமிலக் குழுவோடு வினைபுரிந்து கடத்துதிறனைக் கீழே இழுக்கும்.

என் படலங்கள் ஒரு ஓரம் 30 மைக்ரான், எதிர் ஓரம் 80 என்று வந்துகொண்டே இருந்தன. கரைசலை மாற்றினேன், டிஷ்ஷை மாற்றினேன். புதுக் கட்டட வேலைக்கு வந்திருந்த கொத்தனார் அண்ணன் ஒருநாள் தண்ணீர் கேட்டு உள்ளே வந்தவர், டிஷ்ஷைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, உங்க டேபிளே வாட்டமாத்தானே இருக்கு" என்று தன் ரசமட்டத்தை வைத்துக் காட்டினார். குமிழி ஒரு பக்கம் ஒதுங்கி நின்றது. ஓவன் தட்டும் அப்படியே. அன்றே ஹார்டுவேர் கடையில் சின்ன ரசமட்டம் ஒன்று வாங்கினேன். இந்த வேலையில் நான் வாங்கிய பொருள்களிலேயே அதிகம் உழைத்தது அதுதான்.

மழைக்காலத்தைக் கணக்கில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் திறந்த டிஷ் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டி.எம்.ஏ.சி.க்கு ஈரத்தின் மேல் அவ்வளவு ஆசை. படலத்தில் பால் சிந்தின மாதிரி வெள்ளைத் திட்டு விழும், அங்கே பாலிமர் பிரிந்து ஓட்டை ஓட்டையாக இருக்கும். அந்த இரண்டு மாதம் டைட்ரேஷன், எழுத்து வேலைகளை வைத்துக்கொண்டு வார்ப்பை தை முதல் சித்திரை வரை முடிக்கப் பாருங்கள். வேறு வழியில்லை என்றால் ஊற்றிய உடனே சூடாக இருக்கும் ஓவனுக்குள் மூடிவிடுங்கள். கரண்ட் கட் ஆகி மறுபடி வந்தால் சில பழைய ஓவன்கள் இஷ்டத்துக்கு ஏறும். 180 டிகிரி பக்கம் போனால் சல்ஃபோனிக் குழுக்கள் ஒன்றோடொன்று பிணைந்து, படலம் நிரந்தரமாகக் கரையாமல் போகலாம். ஓவனுக்குள் தனித் தெர்மோமீட்டர் ஒன்று இருக்கட்டும்.

6. காய்ந்த அன்றே கரைத்துப் பாருங்கள்

இதைக் கடத்துதிறனுக்கு முன்னால் வைக்கிறேன், காரணத்தோடுதான்.

முதல் படலம் காய்ந்ததும் எடை போட்ட ஒரு துண்டை 60 டிகிரி டி.எம்.ஏ.சி.யில் போட்டு, இரவு முழுக்கக் கிண்டி, எடை தெரிந்த வடிதாளில் வடிகட்டுங்கள். தாளில் மிச்சம் நின்றால் அது உங்கள் மெம்பிரேனின் கரையாத பங்கு. அது 2, 3 சதவீதத்துக்கு மேல் போனால் அங்கேயே நின்று ஓவனையும் பாலிமரையும் பாருங்கள். மேலே அளந்துகொண்டு போகாதீர்கள்.

கரைந்ததை மறுபடி வார்த்து, மூன்று சுற்று செய்யுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் திரும்பக் கிடைத்த எடை, அயனிப் பரிமாற்ற அளவு (ஒரு கிராமில் எத்தனை அமிலக் குழு என்பது), இழுவிசை, பாகுநிலை ஆகிய நான்கும் வேண்டும். பாகுநிலைக்கு எம்.எஸ்சி. லேப் ஆஸ்ட்வால்ட் விஸ்கோமீட்டர் போதும். கரைப்பானில் கொஞ்சம் லித்தியம் உப்பு சேர்த்து அளங்கள், இல்லாவிட்டால் அயனிப் பாலிமர் என்பதால் எண் குதிக்கும். பாகுநிலை சுற்றுக்குச் சுற்று இறங்கினால் சங்கிலி அறுந்துகொண்டிருக்கிறது. எடை குறைந்தால் கூடவே புதுப் பாலிமரைச் சேர்த்து ஈடுகட்டும் பழக்கம் உண்டு. செய்யாதீர்கள், சின்ன டிஷ்ஷில் வார்த்துக்கொள்ளுங்கள்.

புது மெம்பிரேனைக் கரைத்துக் காட்டுவது பாதி வேலைதான். அடிபட்ட மெம்பிரேனையும் கரைத்துக் காட்ட வேண்டும். 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் 3 பி.பி.எம். ஃபெரஸ் அயனி, 80 டிகிரி: செல்லுக்குள் நடக்கும் சிதைவைச் சீக்கிரமாக நடத்திப் பார்க்கும் ஃபென்டன் சோதனை. ஸ்பீக் இதில் நாஃபியானைப்போல் தாங்காது, சில மணி நேரத்தில் நொறுங்கும். ஒரு மணி நேரத்தில் எடுத்து, கழுவி, கரைத்து, பாகுநிலை பாருங்கள். வரும் எண் நன்றாக இருக்காது. அப்படியே எழுதுங்கள், அடுத்து வருபவருக்கு அந்த எண்தான் வேண்டும்.

கரைப்பானையும் கவனியுங்கள். ஓவனில் 8 மி.லி. டி.எம்.ஏ.சி. காற்றில் போகவிட்டு மறுசுழற்சி என்று பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. வேக்குவம் ஓவன் வழியில் ஆவியைக் குளிர்வித்துப் பிடிக்கும் கோல்டு டிராப் வைத்தால் ஓரளவு மீட்கலாம்.

7. அளவீடுகளில் ஏமாறும் இடங்கள்

தண்ணீர்: எங்கள் போர் தண்ணீர் கடினத்தன்மை உள்ளது, கடலோரம் போகப்போக உப்பும் சேரும். ஒரே ஒரு கழுவல் அதில் போட்டாலும் கால்சியம் வந்து புரோட்டானின் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும், கடத்துதிறன் சரியும். கழுவுவது முழுக்க டி.ஐ. தண்ணீரில். தப்பித்தவறிப் பட்டுவிட்டால் 1 மோலார் சல்ஃபூரிக் அமிலத்தில் ஒரு நாள் வைத்து மீட்கலாம்.

அயனிப் பரிமாற்ற அளவு: 0.15 கிராம் உலர் துண்டு, 1 மோலார் சோடியம் குளோரைடில் 24 மணி நேரம், பிறகு 0.02 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு, நிறங்காட்டியாக பினால்ஃப்தலீன். நல்ல ஸ்பீக் என்றால் 14 மி.லி. பக்கம் வரும், கிராமுக்கு 1.8 முதல் 2.0 மில்லிமோல். அமில நனைப்புக்குப் பிறகு சரியாகக் கழுவாவிட்டால் ஒட்டியிருக்கும் அமிலமும் கணக்கில் வந்து எண் ஏறும். துறையில் யாரிடமாவது நாஃபியான் 117 துண்டு இருந்தால் கடன் வாங்கி முதலில் அதை அளங்கள். 0.9 வர வேண்டும். வராவிட்டால் உங்கள் முறையில்தான் கோளாறு.

கடத்துதிறன்: என் முதல் கணக்கில் 1 செ.மீ. அகலம், மின்முனைகளுக்கு நடுவே 1 செ.மீ., தடை 2000 ஓம், தடிமன் 50 மைக்ரான். போட்டால் செ.மீ.க்கு 0.1 சீமன்ஸ். நாஃபியானுக்குச் சமம் என்று வீட்டுக்கே போன் செய்து சொல்லிவிட்டேன். 50 மைக்ரான் என்பது காய்ந்த தடிமன், அளந்தது நனைந்த படலத்தில். நனைந்த தடிமன் 60. சரியான விடை 0.083. தடிமனையும் தடையையும் ஒரே ஈரநிலையில் அளங்கள், மைக்ரோமீட்டரில் ஐந்து இடத்தில்.

8. வெளி டெஸ்டிங்

இம்பீடன்ஸ் (கடத்துதிறனுக்கான தடை அளவீடு), என்.எம்.ஆர். (மூலக்கூறு அமைப்பைக் காட்டுவது), இழுவிசை எல்லாம் நம்ம பக்கத்திலேயே முடியும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், திருச்சி என்.ஐ.டி., தஞ்சாவூர் சாஸ்த்ரா என்று விசாரியுங்கள். எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்பதை ஆய்வுக் கருவிகளைப் பட்டியலிடும் மத்திய அரசின் ஐ-ஸ்டெம் தளத்தில் தேடலாம். செல்லில் வைத்து ஓட்டிப் பார்ப்பதற்கு நீங்களே ஹைட்ரஜன் சிலிண்டர் வாங்கி வைக்க நினைக்க வேண்டாம், சோதனை நிலையம் இருக்கும் இடத்துக்குப் போங்கள்.

கைடு கையெழுத்துப் போட்ட கடிதம், போனஃபைடு, சாம்பிளில் என்னென்ன இருக்கிறது என்ற தாள், கட்டண ரசீது, இவை நான்கும் இரண்டு இரண்டு பிரதி. கட்டணம் கருவியைப் பொறுத்து சாம்பிளுக்குச் சில நூறு முதல் சில ஆயிரம் வரை, மேலே 18 சதவீத ஜி.எஸ்.டி. கேட்பார்கள். போகும் முன்னால் போன் செய்து கருவி ஓடுகிறதா என்று கேளுங்கள். நான் கேட்காமல் புதுக்கோட்டை வழியாக இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்த நாளில் கருவி சர்வீஸில் இருந்தது. மூன்று துண்டு கொடுக்க வேண்டிய இடத்துக்கு ஆறு கொண்டுபோங்கள், டி.ஐ. தண்ணீரில் நனைத்த டிஷ்யூவோடு ஜிப் கவரில். வெயிலில் பையில் காய்ந்த ஸ்பீக் மடித்த இடத்தில் விரிசல் விடும்.

9. போஸ்டர் போடும் முன் காப்புரிமை (பேட்டன்ட்)

கல்லூரிக் கருத்தரங்கில் போஸ்டர் போட்டாலே விஷயம் வெளியானதாகிவிடும், புதுமை போய்விடும். சட்டத்தில் இருக்கும் விலக்குகள் குறுகியவை, அவற்றை நம்பி இறங்காதீர்கள். உங்கள் கலவையிலோ கரைக்கும் முறையிலோ புதிதாக ஏதாவது இருந்தால் முதலில் தற்காலிக விவரக்குறிப்பை (புரொவிஷனல்) தாக்கல் செய்யுங்கள். இணையவழியில் தனிநபருக்கும் கல்வி நிறுவனத்துக்கும் தாக்கல் கட்டணம் 1,600 ரூபாய். நிறுவனம் என்றால் இந்தச் சலுகைக்குப் படிவம் 28-ஐ ஆதாரத்தோடு இணைக்க வேண்டும். 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு கொடுக்காவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். ஆய்வு செய்யக் கேட்கும் படிவம் 18-க்கு 4,000 ரூபாய், 2024 விதித் திருத்தத்துக்குப் பிறகு முன்னுரிமைத் தேதியிலிருந்து (முதலில் தாக்கல் செய்த தேதி) 31 மாதத்துக்குள். பழைய கையேடுகளில் 48 மாதம் என்று இருக்கும், அதைப் பார்த்து உட்கார்ந்திருக்காதீர்கள்.

உரிமை யார் பெயரில் என்பதைக் கைடோடும் கல்லூரியோடும் எழுத்தில் பேசி முடியுங்கள். கண்டுபிடிப்பாளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று படிவம் 1-ஐ நீங்களே படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். லேப் நோட்டில் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் தேதி, அமிலப் பாட்டிலின் லாட் எண், ஓவன் சூடு, அன்றைய காற்றின் ஈரப்பதம், கைடின் கையெழுத்து, எல்லாம் பேனாவில்.